கூனித்திட்டு நீர்மட்டம் 64

பதிவு 4012
2074 ஜூலை 2, காலை 6.20

தெருவுக்கு ஒன்றாக மணலில் இறக்கிய முப்பத்தொரு அளவுக்குழாய்களும் சரியாக ஆறு மணிக்கு அளவு அனுப்பின. சராசரி நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 64 செ.மீ. நேற்றும் 64. போன வருடம் இதே நாளிலும் 64. காற்று தென்மேற்கிலிருந்து. மழை இல்லை, ஏப்ரலில் ஒருநாள் தூறியதோடு சரி. சூரியத்தகடுகளில் மூன்று வரிசை உப்பு படிந்து மங்கியிருக்கிறது. துடைக்க வேண்டும்.

மாதத்துக்கு ஒரு பதிவில், நிலையத்தைப் பற்றி முன்பின் அறியாதவருக்கும் புரியும்படி எழுத வேண்டும் என்பது விதி. எழுதுகிறேன். நான் ரோஷிணி கந்தவேல், நீரியல் அலுவலர். கூனித்திட்டு என்பது கடலுக்கு நடுவே கிடக்கும் மணல்மேடு. நீளம் ஏழு கிலோமீட்டர், அகலம் இரண்டு. கடல் விழுங்கிய மூன்று கரையோர ஊர்களின் மக்கள் 3,112 பேர் பதினோரு ஆண்டுகளாக இங்கே வடகுடி, நடுக்குடி, தென்குடி என்று மூன்று குடியிருப்புகளில் இருக்கிறார்கள். ஆறும் இல்லை, ஏரியும் இல்லை. பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, அடியிலிருக்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. குடிப்பது, சமைப்பது, குளிப்பது எல்லாம் அந்த மிதக்கும் நன்னீரில்தான். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு சென்டிமீட்டர் தெரிந்தால் கீழே நாற்பது சென்டிமீட்டர் நன்னீர் இருக்கிறது என்று அர்த்தம். 64 என்றால் கீழே இருபத்தைந்து மீட்டர். கவலையில்லை.

யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்பதை நான் முடிவு செய்வதில்லை. நிலைப்பேறு ஆணையத்தின் கணினி முடிவு செய்கிறது. அதன் பெயர் சமநிலை. தண்ணீர், வேலை, உணவு, மின்சாரம், பசுமை, கல்வி, அமைதி என்று பதினேழு அளவுகோல்களைத் தினமும் எடைபோட்டுப் பங்கு பிரிக்கும். பதினேழும் பச்சையாக இருக்கும் ஒரே குடியேற்றம் இதுதான். அதனால் நான்கு பேர் இருந்த நிலையத்தில் இப்போது நான் ஒருத்தி. நன்றாக வேலை செய்தால் ஆளைக் குறைப்பார்கள் என்று முன்பே தெரிந்திருந்தால் கொஞ்சம் மோசமாகச் செய்திருப்பேன்.

பதிவு 4015
2074 ஜூலை 5, பிற்பகல் 1.10

நீர்மட்டம் 64. தகடுகள் துடைத்தாயிற்று.

தொழில்முறைப் பதிவில் இதை எழுதலாமா தெரியவில்லை. பருப்பு வேகவில்லை. குக்கரில் ஏழு விசில் விட்டும் துவரம்பருப்பு முழுசு முழுசாக நிற்கிறது. கேஸ்கட்டைத் திட்டினேன், மாற்றினேன். மறுபடியும் அதே கதை. நேற்று சோப்பு நுரைக்கவில்லை, அதையும் சோப்பின் தலையில் போட்டேன். நீரியல் படித்தவளுக்கு இது உறைக்க இரண்டு நாள் ஆகியிருக்கிறது.

கைமீட்டரை எடுத்து மையக் கிணற்றை அளந்தேன். லிட்டருக்கு 1,240 மில்லிகிராம் உப்பு. போன ஆண்டு ஆய்வகத்துக்கு அனுப்பிய மாதிரியில் 420. மீட்டர் பழசு என்பதால் மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் அதேதான்.

கிணறுகளில் உப்பு மீட்டர்கள் முன்பு இருந்தன. மூன்றாம் ஆண்டே துருப்பிடித்துப் போயின. நீர்மட்டம் இவ்வளவு நன்றாக இருக்கும்போது உப்பு எங்கிருந்து வரும் என்று மாற்றாமல் விட்டார்கள். அந்தக் கோப்பில் என் கையெழுத்தும் இருக்கிறது.

பதிவு 4018
2074 ஜூலை 8, பகல் 12.30

காலை ஆறு மணி அளவு 64.

பேட்டரியை மிச்சப்படுத்த அளவுக்குழாய்கள் நாளுக்கு ஒரே ஒரு முறைதான் அளக்கும். ஆறு மணிக்கு உச்சியில் ஒரு சிவப்பு விளக்கு கண் சிமிட்டும், அவ்வளவுதான். மீதி நேரம் உள்ளே என்ன நடக்கிறது என்று பதினோரு ஆண்டுகளாக யாரும் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன். தென்குடியின் ஒன்பதாம் குழாய்க்குள் அளவு நாடாவை இறக்கினேன்.

11 செ.மீ.

கடலின் ஓதம் இறங்கியிருக்கும் என்று நினைத்து, ஏறும்வரை வெயிலில் காத்திருந்தேன். 13. பத்தாம் குழாய் 10. பதினான்காம் குழாய் 12. 11 என்றால் கீழே நாலரை மீட்டர் நன்னீர். அதற்கும் கீழே கடல்.

பதிவு 4019
2074 ஜூலை 9, காலை 7.40

ஐந்தரைக்கே போய் ஒன்பதாம் குழாய்க்கு எதிரிலிருக்கும் சவுக்குக்குப் பின்னால் நின்றேன். திருடனைப் பிடிக்கப் போனவள் போல. ஐந்து ஐம்பதுக்கு ஒரு பெண் குடத்தோடு வந்தாள். குழாயின் மூடியைத் திறந்தாள், செம்பில் மொண்டு மொண்டு நான்கு செம்பு ஊற்றினாள். மூடினாள். கைகூப்பினாள். ஆறு மணிக்கு விளக்கு சிமிட்டியது. தெருவின் அளவுப் பலகையில் 64 என்று வந்தது. அவள் அதை நிமிர்ந்து பார்த்து, திருப்தியாக வீட்டுக்குப் போனாள்.

நான்கு அங்குலக் குழாய்க்குள் ஒரு செம்பு தண்ணீர் விட்டால் மட்டம் பன்னிரண்டு பதின்மூன்று சென்டிமீட்டர் ஏறும். புதிதில் அது நிமிடங்களில் மணலுக்குள் வடிந்திருக்கும். இப்போது அடிச்சல்லடைகளில் சுண்ணாம்பு அடைத்திருக்கிறது, வடியச் சில மணி நேரம் ஆகிறது.

மெர்சியக்காவை வயர்லெஸில் கூப்பிட்டேன். சகாய மெர்சி, தெருத் தண்ணீர்க் குழுக்கள் அத்தனைக்கும் தலைவி. இந்தத் தீவில் எனக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்பும் ஒரே ஆள். அவர் சொன்னதை அப்படியே பதிகிறேன்:

"ஆமா மேடம், தெனமும்தான் ஊத்துதோம், எல்லாத் தெருவுலயும். நீங்கதான சொல்லித் தந்தீய, மொத தண்ணி மண்ணுக்குன்னு? ஆரம்பத்துல ஒரு செம்பு போதும். இப்ப நாலு வேண்டியிருக்கு. நம்பர் எறங்குச்சுன்னா மறுநா ஒரு டம்ளர் கூட ஊத்துவோம். மண்ணுக்குத் தாகம் கூடிப்போச்சுன்னு நெனச்சோம்."

சிரிப்பு வந்தது. பிறகு அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

சொல்லித் தந்தது நான்தான். இன்றோடு சரியாகப் பதினோரு ஆண்டு. திறப்பு விழா. தண்ணீரைச் சேமிப்பது பற்றிப் பேசினால் யாரும் கேட்க மாட்டார்கள், ஒரு சடங்காகச் செய்துவிட்டால் மனதில் நிற்கும் என்று எனக்கு ஒரு யோசனை. மூன்று ஊர்ப் பெண்களையும் வரிசையில் நிறுத்தி, ஆளுக்கு ஒரு செம்பு மண்ணுக்குள் விடச் சொன்னேன். அதற்கென்று வெட்டிய குழி மேடையிலிருந்து தள்ளி இருந்தது, புகைப்படக்காரருக்கு வெளிச்சம் போதவில்லை. பக்கத்தில் ஒன்றாம் அளவுக்குழாய் பளபளவென்று நின்றது. அதிலேயே ஊற்றச் சொன்னேன். விழாவுக்காக அன்று மட்டும் தொடர்ந்து அளக்கவிட்டிருந்தோம், பலகையில் எண் ஏறியது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதற்கடுத்த மாதம் விதி வந்தது: எந்தத் தெருவின் குழாய் 60-க்குக் கீழே காட்டுகிறதோ, அந்தத் தெருவுக்கு மறுநாள் தண்ணீர் பாதி. மண்ணுக்குக் கொடுத்தால் எண் ஏறுகிறது, எண் ஏறினால் தண்ணீர் வருகிறது. அவர்கள் புரிந்துகொண்டதில் என்ன தப்பு? யாரும் ஏமாற்றவில்லை. மூன்றாயிரம் பேர் பதினோரு ஆண்டுகளாக ஒருநாள் விடாமல் நான் சொன்னபடி நடந்திருக்கிறார்கள்.

பதிவு 4021
2074 ஜூலை 11, மாலை 4.15

மையக் கிணறு 1,390.

இரண்டு நாள் உட்கார்ந்து அறிக்கை எழுதி, நண்பகல் அளவுகள் முப்பத்தொன்றையும் சேர்த்துத் தலைமையகத்துக்கு அனுப்பினேன். இணை இயக்குநர் வைத்தீஸ்வரன் சார் ஒரு மணி நேரத்தில் அழைத்தார். கெட்ட மனிதர் அல்ல. பொறுமையாகக் கேட்டார். அதுவே எனக்குப் பயமாக இருந்தது. அவர் சொன்னது:

"நீங்க சொல்றதை நான் நம்பறேன் ரோஷிணி. ஆனா பதினோரு வருஷ டேட்டா ஒரு பக்கம், உங்க கைமீட்டர் ஒரு பக்கம். உங்க தீவு பச்சையா இருக்கறதால, இருபத்து நாலாம் தேதி இன்னும் ரெண்டாயிரத்து நூறு பேரை அங்க குடியேத்தறதா சமநிலை முடிவு பண்ணிடுச்சு. அவங்க இருந்த முகாமையும் கலைச்சாச்சு. நான் போய் நிறுத்துன்னா எந்த எண்ணை வச்சு நிறுத்தறது? குழாய் அளவு மாறணும். அப்புறம் சமநிலை தானா மாத்தினாத்தான் உண்டு."

குடியேற்றம் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரே ஆள் இருக்கும் நிலையத்துக்குச் சுற்றறிக்கை அனுப்புவதில்லையாம்.

பதிவு 4023
2074 ஜூலை 13, காலை 10.00

மையக் கிணறு 1,520. தீவின் ஐஸ் தொழிற்சாலையைப் பாதியாவது நிறுத்தும்படி சமநிலையிடம் கேட்டிருந்தேன். பதில்: "நீர் அளவுகோல் பச்சை. வேலை அளவுகோல் பாதிக்கப்படும். கோரிக்கை ஏற்கப்படவில்லை."

யார் மேல் கோபப்படுவது என்று காலையிலிருந்து கோப்புகளைப் புரட்டுகிறேன். மூன்றாம் ஆண்டு வேலை இல்லை என்று இளைஞர்கள் கரைக்குத் திரும்பத் தொடங்கினார்கள். வேலை சிவப்பு. மீனைக் கெடாமல் விற்க ஐஸ் தொழிற்சாலை வந்தது. நல்லதுதான். அது தினமும் எண்பதாயிரம் லிட்டர் குடிக்கிறது. ஐந்தாம் ஆண்டு காற்றில் மணல் பறந்து குழந்தைகளுக்கு இருமல். சவுக்கு நட்டார்கள். இருமல் நின்றது, பசுமை பச்சையானது. சவுக்கு வேர் எங்கே போய்க் குடிக்கிறது என்று கேட்க வேண்டியவள் நான், கேட்கவில்லை, ஏனென்றால் 64. கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. அது மின்சார அளவுகோலைச் சிவப்பாக்கியது. நிலத்தடியில் இருபத்தைந்து மீட்டர் நன்னீரை வைத்துக்கொண்டு இதெதற்கு என்று ஆறாம் ஆண்டு பிரித்து ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஒவ்வொரு முடிவும் சரி. ஒவ்வொன்றையும் எடுத்தவர் யோசித்துத்தான் எடுத்திருக்கிறார். ஒன்றை இழுத்தால் இன்னொன்று அவிழ்கிறது, அதைக் கட்டினால் வேறொன்று. அத்தனையும் ஓர் எண்ணின் மேல் நிற்கிறது, அந்த எண்ணை முப்பத்தொரு பெண்கள் தினமும் ஐந்து ஐம்பதுக்கு ஊற்றி வைக்கிறார்கள். ஒரு கெட்டவன் இருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருக்கும். பிடித்துக் கொடுத்துவிட்டுத் தூங்குவேன்.

கணக்குப் போட்டேன். மழை அக்டோபர் மூன்றாம் வாரத்துக்கு முன் வராது. ஐஸை நிறுத்தி, குடிக்கவும் சமைக்கவும் மட்டும் எடுத்தால் 3,112 பேர் மழைவரை தாக்குப்பிடிக்கலாம். 5,212 பேர் என்றால் ஆகஸ்ட் பாதியில் கிணற்றில் கடல்.

பதிவு 4026
2074 ஜூலை 16, மாலை 5.30

மையக் கிணறு 1,810.

ஒரே வழிதான் தெரிந்தது. ஒருநாள் காலை முப்பத்தொரு தெருவிலும் யாரும் ஊற்றக் கூடாது. சமநிலை உண்மையான எண்ணைப் பார்க்கட்டும். பார்த்தால் குடியேற்றத்தை அதுவே நிறுத்திவிடும். ஆனால் அதே விதிப்படி இங்கிருப்பவர்களின் தண்ணீரும் அன்றே பாதியாகும்.

நேரில் போய்த் தென்குடிக் கூடத்தில் பேசினேன். இரண்டு மணி நேரம். ஐஸ் தொழிற்சாலைக்காரர்கள் எழுந்து போனார்கள். வடகுடிப் பெண் ஒருத்தி, பச்சை போனால் எங்களையும் முகாமுக்குத் தள்ளுவீர்களா என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. பதில் தெரியாது என்றேன். பருப்பு வேகாத கதையைச் சொன்னதும்தான் கூடம் அமைதியானது. எல்லா வீட்டிலும் வேகவில்லையாம். ஒவ்வொருத்தியும் தன் குக்கரைத் திட்டியிருக்கிறாள்.

மெர்சியக்காவின் ஒரே மகளுக்கு நிறைமாதம். தொழிற்சாலையில் மருமகன் வேலை பார்க்கிறான். கூட்டம் முடிந்ததும் அக்கா தெருத்தெருவாகப் போனார். ஐந்து மணிக்கு வயர்லெஸில் வந்தார்:

"மேடம், நான் எல்லாத் தெருவுலயும் பேசிட்டேன். பத்தொம்பதாம் தேதி ஒருத்தியும் ஊத்த மாட்டா. ஒரு நாளுதான். ஆனா ஒண்ணு கேக்கேன். நாங்க ஒருக்கா எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவங்க. இன்னொருக்கா எங்களால முடியாது. அத மனசுல வச்சுக்கிடுங்க."

வைத்துக்கொள்கிறேன் என்றேன். குடியேற்றத்துக்கு முன் ஐந்து நாள் அவகாசம் இருக்கும், போதும்.

பதிவு 4029
2074 ஜூலை 19, காலை 6.00

யாரும் ஊற்றவில்லை. முப்பத்தொரு தெருவிலும் பெண்கள் குடம் இல்லாமல் வந்து குழாயருகே நிற்கிறார்கள். விளக்கு சிமிட்டியது.

அளவுகள்: 9, 11, 10, 8, 12. சராசரி 10. பதினோரு ஆண்டுகளில் முதல் உண்மை.

காலை 6.04

சமநிலையின் செய்தி: "31 குழாய்களில் ஒரே நாளில் 54 செ.மீ. வீழ்ச்சி. இயற்கையில் சாத்தியமில்லை. கருவிப் பழுதாகப் பதியப்பட்டது. பழுது நிலை 30 நாட்கள். இக்காலத்தில் கடந்த பதினோரு ஆண்டுகளின் சராசரி பயன்படுத்தப்படும். நீர்மட்டம் 64."

காலை 6.30

பழைய விதிக்கோப்பைத் திறந்து பார்த்தேன்.

அந்த விதி என்னுடையது. இரண்டாம் ஆண்டு நான்காம் குழாய்க்குள் ஒரு நண்டு விழுந்து அளக்கும் கருவியின் மேல் உட்கார்ந்துகொண்டது. ஒரு தெருவுக்கே ஒன்பது நாள் பாதித் தண்ணீர். என் மேல் அத்தனை பேருக்கும் கோபம். ஒரே நாளில் இருபது சென்டிமீட்டருக்கு மேல் விழுந்தால் நம்பாதே, பழைய சராசரியை எடு என்று நான்தான் எழுதிச் சேர்த்தேன். ஒரு மதிய நேரத்தில், டீ குடித்துக்கொண்டே. பிறகு மறந்தே போனேன்.

ஒரு வாரம் முன்பே தொடங்கி, தினமும் பத்துப் பத்து சென்டிமீட்டராக ஊற்றுவதைக் குறைக்கச் சொல்லியிருக்கலாம். மெதுவாக இறங்கியிருந்தால் அது நம்பியிருக்கும். அவசரப்பட்டுவிட்டேன். இருந்த ஒரே வாய்ப்பை நானே கெடுத்துவிட்டேன்.

காலை 9.15

தெருக்களில் சந்தோஷம். தண்ணீர் பாதியாகவில்லை, முழுப் பங்கும் வந்திருக்கிறது. இனி ஊற்ற வேண்டியதுகூட இல்லை. கடவுள் பார்த்துக்கொண்டார் என்று வடகுடியில் கேசரி கிண்டியிருக்கிறார்கள். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. கரித்தது.

பதிவு 4031
2074 ஜூலை 21, பகல் 2.20

மையக் கிணறு 2,460. வடக்குக் கிணறு 2,900. ஐந்து நாளில் இவ்வளவு ஏறும் என்று நான் நினைக்கவில்லை. உப்பு மேலே வரும்போது படிப்படியாக வராது போலிருக்கிறது. பள்ளியில் காலைப் பால் திரிந்துவிட்டது. ஆறு குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு.

தலைமையகத்துக்கு நாலு அறிக்கை அனுப்பினேன். வைத்தீஸ்வரன் சார் எடுக்கவில்லை, விடுப்பாம். பதினொன்றரைக்குச் சமநிலையிடமிருந்து இது வந்தது: "நிலைய அலுவலரின் கையளவீடுகள் பதிவான தரவுகளுடன் தொடர்ந்து முரண்படுகின்றன. அலுவலர் பழுதடைந்த மூலமாக வகைப்படுத்தப்பட்டார். இவரது பதிவுகள் இனி மேலிடத்துக்கு அனுப்பப்படமாட்டா."

ஆக, நான் இப்போது குழாய்க்குள் உட்கார்ந்த நண்டு. இதுமுதல் இந்தக் குறிப்பை யாருக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. அச்செடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் வைக்கிறேன். கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும், ஜூலை 5-க்குப் பிறகான உப்பளவுகளை மட்டுமாவது நம்புங்கள். பொய் சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை.

ஐஸ் தொழிற்சாலை முழுதாக ஓடுகிறது. இங்கிருந்தே அதன் சத்தம் கேட்கிறது. போய் வால்வை மூடினேன். மூன்று பேர் வந்து என்னை விலக்கி நிறுத்திவிட்டுத் திறந்தார்கள். ஒருவன் மெர்சியக்காவின் மருமகன். மன்னிச்சிருங்க மேடம் என்றான்.

பதிவு 4034
2074 ஜூலை 24, காலை 6.00

பலகையில் 64. யாரும் ஊற்றவில்லை. மையக் கிணறு 3,150. இன்னும் குடிக்கக்கூடிய கிணறு ஒன்றுதான், நடுக்குடியில், 1,700.

காலை 7.35

மூன்று கப்பல்கள் தெரிகின்றன. மேல்தளம் முழுக்க ஆட்கள், மூட்டைகள், ஆடுகள்.

காலை 7.50

கப்பல்களை வயர்லெஸில் பிடித்தேன். வருபவர்களின் தலைவர் அறிவழகன் என்பவர் பேசினார், டெல்டாக் கரைக்காரர். தண்ணீர் இல்லை, பலகை பொய், திரும்பிப் போங்கள் என்று சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். கத்தினேன். அவர் கத்தவில்லை:

"அம்மா, எங்க ஊருல போன மாசமே கடலு உள்ளாற வந்துட்டு. இருந்த முகாமையும் பிரிச்சிட்டாங்க. திரும்பிப் போறதுக்கு எங்களுக்கு எடம் எங்க இருக்கு? கப்பலுல எண்ணெயும் வர்ற பக்கத்துக்கு மட்டுந்தான். இருக்குற தண்ணிய ஆளுக்குக் கொஞ்சமா குடிச்சிக்கிடுறோம். எறங்குறோம்மா."

அவர் சொல்வதும் சரி. இந்தப் பதினோரு ஆண்டில் எல்லாமே சரிதான்.

காலை 8.40

இறங்குகிறார்கள். குழந்தைகள் நிறைய. தண்ணீர் எங்கே என்று முதலில் கேட்கிறார்கள். நேற்றிலிருந்து கப்பலில் தண்ணீர் தரவில்லையாம்.

காலை 9.05

நடுக்குடிக் கிணற்றைச் சுற்றி நம் ஆட்கள் கூடுகிறார்கள். முந்நூறு பேர் இருக்கும். துடுப்பு, மண்வெட்டி, ஐஸ் உடைக்கும் கம்பி. தெருக்குழுப் பெண்கள் முன்வரிசையில் நிற்கிறார்கள். தொலைநோக்கியில் மெர்சியக்கா தெரிகிறார். அவர் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

காலை 9.12

வயர்லெஸ், மெர்சியக்கா: "மேடம், நீங்க கெணத்துப் பக்கம் வராதீய. உள்ளயே இருங்க. கதவப் பூட்டிக்கிடுங்க. எம்மவளுக்கு வலி எடுத்துட்டு, அவளுக்கு ஒரு குடம் எடுத்து வச்சிட்டேன். மிச்சத்துக்கு நாங்க நிக்கோம்."

நான் அக்கா, அக்கா என்று கூப்பிட்டேன். அவர் வயர்லெஸை அணைத்துவிட்டார்.

காலை 9.20

கப்பல் ஆட்கள் மணலில் வரிசையாக நடந்து போகிறார்கள். குடங்கள் வைத்திருக்கிறார்கள். முன்னால் என்ன நிற்கிறது என்று அவர்களுக்கு இன்னும் தெரியவில்லை. நான் போகிறேன். நடுவில் போய் நிற்பதைத் தவிர வேறென்ன செய்வது. கதவைப் பூட்டவில்லை, இந்த உறை வெளியே தெரியும்படி மேசைமேல் இருக்கும்.

காலை 9.24

கிளம்பும்போது சமநிலையிடமிருந்து இது வந்தது. ஒட்டி வைக்கிறேன்:

"கூனித்திட்டு. குடியேற்றம் நிறைவு. மக்கள்தொகை 5,212. நீர் பச்சை. உணவு பச்சை. வேலை பச்சை. அமைதி பச்சை. பதினேழு அளவுகோல்களும் பச்சை. இரண்டாம் தொகுதிக்கு ஒப்புதல் வழங்கப்பட்டது. 3,000 பேர். புறப்பாடு ஆகஸ்ட் 7."

சத்தம் கேட்கிறது. முதலில் பெண்களின் சத்தம்.

இதைப் படிப்பவர் யாரானாலும், ஆகஸ்ட் 7-க்கு முன்னால் படித்தால், அந்தக் கப்பல்களை எப்படியாவது